இன்ஜெக்டரைக் கழற்றும் முன் வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள்

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை வைத்திருக்கிறார், பழமும் உரமும் ஏற்ற 2011 டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ 2.5 டீசல் பிக்கப் ஒன்றைக் கைமாறி வாங்கியிருக்கிறார். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, பாரம் ஏற்றினால் இழுவை இல்லை, எண்ணெய் (டீசல்) ஃபில்டர் விளக்கு அடிக்கடி எரிகிறது. பட்டறையில், இஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். கீழே துருவும் இருக்கிறதாம், "அதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாமா?" என்கிறார்.

துருவைத்தான் முதலில் பார்க்க வேண்டும், தம்பி. காரணம் காசு. இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளியை (ரிங்கிட்டை) கொட்டிய பிறகு, வண்டியைத் தாங்குகிற சேசிஸின் பின்பக்கம் இற்றுப்போயிருப்பது தெரிந்தால், நல்ல இஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு பழைய வண்டிப் பாகங்களை வாங்கி விற்கும் ஹாஃப்கட் கடைக்காரரிடம் பேரம் பேச வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. நீங்கள் சொல்கிற அறிகுறிகளைப் பார்த்தால் துருவுக்கும் எண்ணெய்த் தொல்லைக்கும் தண்ணீர்தான் பொதுவான காரணம் என்று படுகிறது. இரண்டையும் தனித்தனியாக இரண்டு பட்டறையில் கொடுத்து இரண்டு பில் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை அதற்காக ஒதுக்குங்கள்.

முதல் நாளே கீழ்ப்பகுதியை நன்றாகக் கழுவிக் காய விடுங்கள். சேறு ஒட்டியிருக்கும்போது எதுவும் தெரியாது. பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்ட் வைத்துக்கொள்ளுங்கள், வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்கவே கூடாது. ஒரு சின்ன சுத்தியும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் போதும். சேசிஸ் என்பது பெட்டி மாதிரி மூடிய இரும்பு, அது உள்ளேயிருந்துதான் அரிக்கும். வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருக்கும், தட்டினால்தான் உண்மை தெரியும். நல்ல இடத்தில் 'டிங்' என்று கணீரென்று கேட்கும், இற்ற இடத்தில் 'டொக்' என்று செத்த சத்தம் வரும், உள்ளே செதில் செதிலாகத் துரு உதிரும் சத்தமும் கேட்கும். அப்படிக் கேட்ட இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் அது பெயின்ட் அடிக்கிற வேலையைத் தாண்டிவிட்டது.

எங்கே தட்டுவது? பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இரண்டு முனைகள், பின் ஆக்ஸிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம், ஸ்பேர் டயர் தொங்கும் குறுக்குச் சட்டம், முன் சக்கரத்துக்குப் பின்னால் கேபின் உட்காரும் ரப்பர் மவுன்ட் பக்கம். இந்த இடங்களில்தான் சேறு வந்து உட்காரும். சேசிஸின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், அவற்றைக் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். தோட்டத்து வண்டி என்றால் பாதி ஓட்டை அடைத்திருக்கும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

உர விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்து வண்டிகள் டவுன் வண்டிகளைவிட வேகமாக இற்றுப்போவதற்கு செம்மண்ணைக் குறை சொல்கிறார்கள், உரத்தை யாரும் சொல்வதில்லை. செம்பனைக்குப் போடுகிற சிவப்புப் பொட்டாஷ் இருக்கிறதே, அது பொட்டாசியம் குளோரைடு. எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. கடல் உப்பு இரும்புக்கு என்ன செய்யுமோ அதையேதான் இதுவும் செய்யும். மூட்டை ஒன்று கிழிந்து நாலு பிடி கொட்டினால் போதும், பின் தொட்டியின் மூலையிலும், அதற்குள் விரித்திருக்கும் பிளாஸ்டிக் பெட்லைனருக்கு அடியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதம் அளவுக்கு ஏறினாலே இந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானாகவே கரைய ஆரம்பித்துவிடும், நம் ஊரில் பெரும்பாலான ராத்திரிகளில் ஈரம் அதற்கு மேலேதான் நிற்கும். அதாவது கூரைக்கு அடியில் நிறுத்திய வண்டியும் ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் நனைகிறது. அம்மோனியம் சல்பேட் உரமும் சளைத்ததல்ல. அதோடு பாகான் டத்தோ பக்கம் கடற்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் பெட்லைனரைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் வாங்கிய நாளிலிருந்து கழற்றியே இருக்க மாட்டார்கள். தூக்கினால் அடியில் சிவப்பு மணிகளும் பழச்சாறு காய்ந்த கறுப்புப் பிசினும் ஈர மண்ணும் சேர்ந்து ஒரு படலமாக இருக்கும், அதற்குக் கீழே தகடு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். கழுவிச் சுத்தம் செய்த பிறகு லைனரை மறுபடி போடாதீர்கள் என்பது என் கருத்து. கனமான ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டு, உரம் ஏற்றிய அன்றே அதை உருவி எடுத்துத் தண்ணீர் அடித்துவிடுங்கள். அன்றே என்றால் அன்றே, வாரக் கடைசியில் என்று தள்ளிவைத்தால் பயனில்லை. வண்டிக்கு அடியிலும் ஹோஸை விட்டு அடிக்க வேண்டும், மேலே மட்டும் கழுவி மெழுகு போடுவது கல்யாணத்துக்குப் போகத்தான் உதவும்.

இது ஏதோ நம் ஊர் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பில் டகோமா, டுன்ட்ரா பிக்கப்புகளின் சேசிஸ் ஓட்டை விழும் அளவுக்கு அரித்துப்போய், வழக்காகி, 2016-இல் டொயோட்டா சமரசத்துக்கு வந்தது. மொத்தச் செலவு 300 கோடி டாலருக்கு மேல் போகலாம் என்று கணக்குப் போட்டார்கள். அங்கே அரித்த இடத்தில் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஓட்டை விழுந்திருந்தால் சேசிஸையே மாற்றித் தர வேண்டும் என்று ஏற்பாடு. நமக்கு அப்படி யாரும் மாற்றித் தரப் போவதில்லை.

மேலோட்டமான துருதான் என்றால் கம்பி பிரஷ் போட்டுச் செதிலை முழுக்க எடுங்கள், கழுவுங்கள், வெயிலில் நன்றாகக் காய விடுங்கள், துருவைக் கறுப்பாக மாற்றுகிற கன்வெர்ட்டர் மருந்து அடியுங்கள், அது காய்ந்ததும் எபோக்ஸி பிரைமர், அதற்கு மேல் பெயின்ட். சேசிஸுக்கு உள்ளே மெல்லிய குழாய் விட்டு மெழுகு வகை ஸ்ப்ரே அடிக்கலாம், நல்ல பலன் தரும். செய்யவே கூடாதது, ஈரத் துருவின் மேல் தார் மாதிரியான அண்டர்கோட்டை அப்பிவிடுவது. பார்க்க அழகாக இருக்கும், வண்டி விற்பவர்கள் செய்வதும் அதனால்தான், ஆனால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். புதிதாகக் கறுப்பு அடித்த சேசிஸோடு விலைக்கு வரும் பழைய வண்டியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பழைய இஞ்சின் ஆயிலை அடியில் தடவுகிற வழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. இரும்புக்குக் கொஞ்சம் உதவும் என்பது உண்மைதான், ஆனால் மூட்டுகளில் இருக்கும் புஷ் ரப்பரை ஊத வைத்துவிடும், பிரேக் பக்கம் தெறித்தால் ஆபத்து, மழையில் கழுவி பாரிட்டில் (வாய்க்காலில்) இறங்கினால் அந்தத் தண்ணீரில்தான் நம் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள். வேண்டாம்.

ஓட்டையே விழுந்திருந்தால் வெல்டிங்தான். சேசிஸ் வேலை தெரிந்த லோரி பட்டறையில் கொடுங்கள், கேட் செய்கிற கடையில் வேண்டாம். இற்றதை வெட்டியெடுக்காமல் அதன் மேலேயே தகடு ஒட்டினால் அடியில் அரிப்பு தொடரும், ஒட்டுத் தகட்டின் ஓரத்தில் சேசிஸ் ஒடியும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு போய்விடலாம். முக்கியமாக, சேசிஸில் அடித்திருக்கும் எண் பக்கம் கிரைண்டரைக் கொண்டுபோக விடாதீர்கள். நாளைக்குப் பெயர் மாற்றும்போது வண்டிச் சோதனை மையமான புஸ்பாகோமில் அந்த எண்ணைப் பார்ப்பார்கள், அழிந்திருந்தால் விளக்கம் சொல்லியே வருஷம் போய்விடும்.

கீழே இருக்கும்போதே பிரேக் பைப்பையும் பார்த்துவிடுங்கள். பின் ஆக்ஸிலுக்கு மேலே பாரத்துக்கு ஏற்ப பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று, ஒரு கம்பியோடு இணைத்திருக்கும். அந்தக் கம்பியின் மூட்டு துருப்பிடித்து இறுகிப்போனால் பாரம் ஏற்றும்போது பின் பிரேக் சரியாகப் பிடிக்காது. கையால் அசைத்துப் பாருங்கள், அசைய வேண்டும்.

சரி, சேசிஸ் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி எண்ணெய்.

ஃபில்டர் விளக்கு எரிகிறது என்றால் வண்டியே உங்களிடம் சொல்கிறது, ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று. விளக்கு எரியும்போது இன்ஜெக்டர் விலை விசாரிப்பதைவிட ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டிலை எடுப்பது மேல். இரவு முழுக்க அசையாமல் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, மேலே இருக்கும் கை பம்பை அமுக்கி, வருவதைப் பாட்டிலில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் ஆட்டாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தங்கும், மேலே டீசல் நிற்கும். நடுவில் பழுப்பாகவோ கறுப்பாகவோ சவ்வு போல ஒன்று மிதந்தால் அது கிருமி வளர்ச்சி. டீசலில் உயிர் வளருமா என்று சிரிக்க வேண்டாம், தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் நன்றாகவே வளரும், நம் ஊர் வெப்பம் அதற்கு மிகவும் தோது. அந்தச் சவ்வுதான் கிழிந்து கிழிந்து வந்து ஃபில்டரை அடைக்கும். அடியில் மணல் மாதிரி செம்பழுப்புத் தூள் இருந்தால் டாங்கியோ நிரப்பும் குழாயோ உள்ளே துருப்பிடிக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் பிரயோஜனம் இல்லை. டாங்கியைப் பாதி காலியாகவே வைத்து ஓட்டினால் ராத்திரி குளிர்ச்சியில் உள்ளே வியர்க்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழையும், கழுவுகிற தண்ணீரும் இறங்கும். நிரப்பும் குழாய் பின் சக்கரத்துச் சேறு அடிக்கும் இடத்தில் இருந்தால் அதையும் தடவிப் பாருங்கள். ஆனால் தோட்டத்துப் பக்கம் நான் அதிகம் பார்ப்பது டிரம் தண்ணீர். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியதிலிருந்து ஆளாளுக்கு டிரம்மில் சேர்த்து வைக்கிறார்கள். டிரம்மை நிமிர்த்தி வெளியில் வைத்தால் மேல் தட்டில் மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் சூட்டில் விரிந்து காற்றை வெளியே விடும், இரவில் சுருங்கும்போது மூடியின் திருகு வழியாக அந்தத் தண்ணீரையே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்பார்கள், இருந்தும் இறங்கும். டிரம்மைப் படுக்க வையுங்கள், இரண்டு மூடியும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் எண்ணெய்க்குக் கீழே இருக்கும்படி. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்றால் கூரைக்கு அடியில் வையுங்கள். எடுக்கும்போது அடிமட்டம் வரை உறிஞ்ச வேண்டாம்.

நம் டீசலில் செம்பனை மெத்தில் எஸ்டர், அதாவது செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோ டீசல், கலந்திருக்கிறது. 2011-இல் பி5 (நூற்றில் 5 பங்கு), பிறகு பி7, 2019-இல் பி10. பயோ டீசல் போட்டதால்தான் வண்டி கெட்டது என்று காப்பிக் கடையில் பேசுவதை நான் அப்படியே ஏற்கவில்லை. ஒரு பாதி உண்மை அதில் உண்டு. பயோ டீசல் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய டாங்கியில் ஒட்டியிருக்கும் பிசினைக் கரைத்துக் கொண்டுவரும். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்குப் பிரச்சினை குறைவு. மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்கும் டிரம்மில் கிடக்கிற எண்ணெய்க்கும்தான் தொல்லை. இன்னொரு விஷயம், இதைப் பட்டறைகளில்கூடப் பலர் கவனிப்பதில்லை. அரித்துப்போன எண்ணெய் பைப்புக்குப் பதில் ஏர்கான் வேலைக்கு வாங்கிய செம்புக் குழாயை வளைத்து மாட்டிவிடுகிறார்கள். செம்பு, பித்தளை, துத்தநாகம் இவையெல்லாம் பயோ டீசலைச் சீக்கிரம் கெட்டுப்போக வைத்துப் பிசினை உண்டாக்கும். இரும்புக் குழாய்தான் போட வேண்டும், வெளியே பூச்சு உள்ளதாக. ஹோஸும் அப்படித்தான், ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டால் ஊதி மெத்தென்று ஆகிவிடும். டீசலுக்கென்று அச்சிட்டிருக்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள்.

காலை ஸ்டார்ட் தொல்லைக்கு வருகிறேன். இந்த வண்டியில் பம்ப் டாங்கியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சுகிற பக்கத்தில் எங்காவது ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி நிற்கும்போது எண்ணெய் மெல்ல டாங்கிக்கே திரும்பி இறங்கிவிடும், காலையில் பம்ப் காற்றை இழுக்கும். அதனால்தான் 'கீழே ஒரு சொட்டுக்கூட இல்லையே அண்ணே' என்று எல்லோரும் ஏமாறுகிறார்கள். சோதனை சுலபம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் தற்காலிகமாக ஒரு துண்டு கண்ணாடி போன்ற ஹோஸை மாட்டி இஞ்சினை ஓட விடுங்கள். தொடக்கத்தில் நாலைந்து குமிழி வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை, விடாமல் வந்துகொண்டே இருந்தால் பின்னால் ஓட்டை இருக்கிறது. சேசிஸ் ஓரமாக ஓடும் பைப்பை கிளிப் பிடித்திருக்கும் இடங்களில்தான் முதலில் பாருங்கள். கிளிப்புக்குள் சேறு புகுந்து, பைப்பு அந்த விரற்கடை இடத்தில் மட்டும் அரித்திருக்கும், மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். கிளிப்பைத் திறக்காமல் தெரியாது. அடுத்ததாக ஃபில்டர் தலையின் ரப்பர் வளையமும் கை பம்பும். கை பம்பை ராத்திரி வண்டி நின்ற பிறகு அமுக்கினால் மெத்தென்று போய், பல தடவை அமுக்கிய பின்தான் கெட்டியாகிறது என்றால் காற்றுதான்.

பாரத்தில் இழுவை இல்லாததற்கு முதல் சந்தேகம் அடைத்த ஃபில்டர், இரண்டாவது டாங்கிக்குள் உறிஞ்சும் முனையில் இருக்கும் சல்லடை, மூன்றாவது டாங்கியின் மூச்சுக் குழாய். மூச்சுக் குழாயில் குளவி மண் கூடு கட்டிவிடும், நம் பக்கம் சகஜம். இழுவை குறையும்போது வண்டியை ஓரம் நிறுத்தி டாங்கி மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு கொஞ்ச தூரம் நன்றாக இழுத்தால் பிரச்சினை அங்கேதான். பாட்டிலில் சவ்வோ துருத்தூளோ பார்த்திருந்தால் டாங்கியை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும்போது டாங்கியைத் தாங்கும் பட்டியையும் பாருங்கள், பட்டி இற்றுப் பாதி ரோட்டில் டாங்கி தொங்கிய கதையெல்லாம் உண்டு. டாங்கியில் ஓட்டை இருந்தால் அதை வெல்டிங் செய்ய யாரிடமும் கொடுக்காதீர்கள். டீசல் தீப்பிடிக்காது என்ற தைரியத்தில் செய்வார்கள். காலி டாங்கியின் உள்ளே ஒட்டியிருப்பது சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்தால் வெடிக்கும். ஹாஃப்கட்டில் நல்ல டாங்கி ஒன்று வாங்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து மாட்டுங்கள்.

ஃபில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளியெல்லாம் ஓரிரண்டு மைக்ரான் கணக்கு, போலி ஃபில்டர் விடுகிற தூள் அங்கே போய்த் தேய்க்கும். தோட்ட வேலைக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றலாம் என்பேன், தண்ணீரை மாதம் ஒரு முறை வடியுங்கள். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலந்தால் சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தப் பம்புக்கு டீசல்தான் மசகு.

இதெல்லாம் செய்தும் தொல்லை தீராவிட்டால்தான் பம்பும் இன்ஜெக்டரும். அப்போதும் நேராக நான்கையும் மாற்ற வேண்டாம். ஸ்கேனர் மாட்டி ரயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோடு தரும் பொதுக் குழாய்) இஞ்சின் கேட்கும் அழுத்தம் எவ்வளவு, வருவது எவ்வளவு என்று பாரத்தோடு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பி1229 என்ற பிழைக் குறி வந்தால், பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு பக்கம் போக வேண்டும், அது தனியாகக் கிடைக்கும், இன்ஜெக்டரைவிட எவ்வளவோ மலிவு. ஐட்லிங்கில் (நின்றபடி இஞ்சின் ஓடும்போது) ஆர்பிஎம் ஏறி இறங்குவதும், நிறுத்தத்தில் திடீரென்று அணைவதும் பெரும்பாலும் அதன் வேலைதான். பி0093 என்றால் எங்கோ பெரிய கசிவு. இன்ஜெக்டரைச் சந்தேகித்தால் ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் எண்ணெயைத் தனித்தனி பாட்டிலில் அளக்கும் சோதனை இருக்கிறது, ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நிறைய விட்டால் அதுதான் குற்றவாளி. அந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்கிற ஃபோர்மனிடம் (மெக்கானிக்கிடம்) ஏன் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. மாற்றினால் அடியில் இருக்கும் செம்பு வாஷரும் புதுசாகப் போட வேண்டும். அது சரியாக உட்காராவிட்டால் எரிந்த புகை மேலே ஏறி, இஞ்சின் ஆயிலில் கரி கட்டி, ஆயில் சம்ப்பில் இருக்கும் சல்லடையை அடைத்து இஞ்சினையே கொன்றுவிடும். இதே ஹைலக்ஸின் 3.0 இஞ்சினில் இது பேர்போன நோய், 2.5-லும் கவனம் தேவை. இன்ஜெக்டர் தலையில் எண்வரிசை அச்சிட்டிருந்தால் அதை ஸ்கேனரில் ஏற்றினார்களா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். இஞ்சின் ஓடும்போது ரயில் பக்கத்துக் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அங்கே அழுத்தம் 'பார்' என்ற அளவில் ஆயிரத்துக்கு மேல் போகும், கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். முதலில் ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், சில மணி நேரத்தில் விரலே போகலாம். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று சொல்ல வேண்டும். கசிவைப் பார்க்க ஒரு துண்டு அட்டையை நீட்டினால் போதும்.

முதலில் அந்தப் பாட்டிலைப் பிடித்துப் படம் எடுங்கள், சேசிஸில் செத்த சத்தம் வந்த இடத்தையும் எடுங்கள். ஸ்கேன் செய்தால் ஐட்லிங்கிலும் பாரத்திலும் ரயில் அழுத்தம் என்ன காட்டியது என்று எழுதிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த நான்கு இன்ஜெக்டருக்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.